வயதென்னும் சாட்டு

பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிகளின் இறுதியிலே பழைய மாணவர் ஓட்டம் ஒன்று இடம்பெறுவதுண்டு. நாற்பது வயதை அண்மிய ஒருவர் காற்சட்டையை மடித்துக்கொண்டு நூறு மீற்றர் ஓட முனைகின்றார். பாதி வழியிலே மூச்சு வாங்கி நின்றுவிடுகின்றார். பந்தலின் கீழ் இருப்போர் சிரிக்கின்றனர். அவரும் சேர்ந்து சிரிக்கின்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் அதே மைதானத்தில் கிண்ணம் பெற்றவர் அவர். இச்சிரிப்பிலே எவரும் குற்றம் காண்பதில்லை. எனினும், ஒரு சமூகம் மனித உடலைப் பற்றிக் கொண்டுள்ள கருத்து முழுவதும் அதிலே அடங்கிக் கிடக்கின்றது. விளையாட்டு இளைஞருக்கு உரியது. நாற்பதின் பின் உடல் தளர்வது இயற்கை. தளர்ந்த உடலை மீட்க முனைவது நகைப்புக்குரியது என்பதே அக்கருத்தாகும். இஃது இயற்கை அளித்த தீர்ப்பன்று. சமூகம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சாட்டு.

விஞ்ஞானம் இச்சாட்டை ஏற்பதில்லை. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டலஸ் நகரிலே இருபது வயதுடைய ஐந்து இளைஞர் மூன்று வாரங்கள் படுக்கையிலே கிடத்தி ஆராயப்பட்டனர். உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் அவர்களிடத்துப் பெரிதும் வீழ்ச்சியுற்றது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதை எய்திய அதே ஐவரும் மீண்டும் ஆராயப்பட்டனர். முப்பது ஆண்டு முதுமை விளைத்த நட்டத்தினும் மூன்று வாரப் படுக்கை விளைத்த நட்டமே பெரிதாயிருந்தமை அப்பொழுது தெரியவந்தது. ஏறத்தாழ ஆறு மாதப் பயிற்சியின் பின், முதுமை பறித்த ஆற்றலை அவர்கள் மீளவும் பெற்றனர். ஐவரை மாத்திரம் கொண்ட சிறிய ஆய்வே இது. ஆயினும் அது எழுப்பும் வினா சிறியதன்று. முதுமையின் கணக்கிலே எழுதப்படும் நட்டத்தில் எவ்வளவு உண்மையில் முதுமைக்குரியது? எவ்வளவு சோம்பலுக்குரியது?

1990ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பளிப்பது. பராமரிப்பு இல்லமொன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பலவீனமான முதியோர் எட்டு வாரங்கள் கால்களாற் பாரம் உயர்த்திப் பழகினர். பயிற்சியை நிறைவுசெய்த ஒன்பது பேரின் தசைவலிமை சராசரியாக 174 சதவீதத்தால் அதிகரித்தது. தொண்ணூறில் இயலுவது நாற்பதில் இயலாது என்போர் எதனை ஆதாரமாகக் கொண்டு பேசுகின்றனர்?

விளையாட்டு வரலாறும் இதனையே உரைக்கின்றது. போர்த்துக்கலைச் சேர்ந்த கார்லோஸ் லோபஸ் 1984ஆம் ஆண்டு ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 37. மறு ஆண்டு அவர் உலக சாதனையும் படைத்தார். கனடாவின் எட் விற்லொக் 2003இல், தமது 72ஆம் வயதில், மரதன் தூரத்தை மூன்று மணித்தியாலத்திற்குள் ஓடி முடித்தார். சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற சுசந்திகா ஜயசிங்க ஏழு ஆண்டுகள் கழித்து, 2007இல், தமது 31ஆம் வயதில் ஒசாக்கா உலகப் போட்டியின் 200 மீற்றரிலே வெண்கலம் வென்றார். 2023இல் முல்லைத்தீவைச் சேர்ந்த, எழுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் போட்டியிலே தங்கம் வென்று திரும்பினார். பத்திரிகைகள் அதனை ஒரு புதுமையாகக் கொண்டாடி மறந்தன. புதுமை அவரது கால்களில் இல்லை. அவரைப் போன்றோர் ஊர்தோறும் இல்லாமையே வினவப்பட வேண்டியது.

முதுமை எதனையும் பறிப்பதில்லை என வாதிடுவது அறிவுடைமையன்று. இதயம் துடிக்கக்கூடிய உச்ச வேகம் ஆண்டுதோறும் குறைகின்றது. விரைந்து இயங்கும் தசைநார்கள் முதலில் நலிகின்றன. ஆகையால் குறுந்தூர ஓட்டக்காரரே முன்னதாக இழப்பை உணர்வர். காயங்கள் ஆறவும் களைப்புத் தீரவும் நாட்கள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. இவை பயிற்சியின் முறையை மாற்றுவதற்குரிய காரணங்களேயன்றிப் பயிற்சியைக் கைவிடுவதற்குரிய காரணங்கள் அல்ல. வாரத்திற் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கமும், இரு நாட்களேனும் தசைகளை வலுவூட்டும் பயிற்சியும், 65 வயதின் பின் சமநிலைப் பயிற்சியும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துரைத்துள்ளது. காலையில் மெல்ல உலாவிவிட்டுத் தேநீர்க் கடையில் அமர்வோர், தமது தசைகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று எனக் கருதுவது தவறாகும்.

“உழைக்கும் மக்களுக்கு உடற்பயிற்சி எதற்கு? உழைப்பே பயிற்சிதானே?” எனச் சிலர் வினவுவர். இவ்வாதத்திற் பாதி உண்மை உண்டு. இலண்டன் பஸ்களில் அமர்ந்தே வேலைசெய்த சாரதிகளைக் காட்டிலும், மாடிப்படிகளில் ஏறியிறங்கிய நடத்துநர்களிடையே மாரடைப்புக் குறைவென ஜெரி மொரிஸ் 1953இல் எடுத்துக்காட்டினார். எனினும், மலைச்சரிவிலே நாள் முழுவதும் கொழுந்து பறிக்கும் பெண், நாற்பது வயதில் முழங்கால் நோவுடன் ஏன் படியேற இயலாது தவிக்கின்றாள்? பயிற்சி என்பது பாரத்தைப் படிப்படியாகக் கூட்டுவது, இடையிடையே ஓய்வளிப்பது, இழந்ததை உணவால் ஈடுசெய்வது. தோட்டத் தொழிலிலே பாரம் மாத்திரமே உண்டு. எழுதுவினைஞரின் உடலை உழைப்பின்மை கெடுக்கின்றது; தொழிலாளியின் உடலை ஓய்வின்மை கெடுக்கின்றது. இருவரிடமும் “வயதாகிவிட்டது” என்ற ஒரே விடையைக் கூறுவது, உண்மைக் காரணத்தை மறைப்பதன்றி வேறென்ன?

பெண்கள் விடயத்தில் இம்மறைப்பு மேலும் கொடியது. வலைப்பந்தாட்டத்திலே பாடசாலைக்குப் புகழ் தேடித் தந்த மாணவி சாதாரண தரப் பரீட்சையுடன் மைதானத்தை விட்டு நீங்குகின்றாள். திருமணத்தின் பின் வீதியில் விரைந்து நடப்பதும் ஊரவர் வாய்க்கு இரையாகின்றது. மாதவிடாய் நின்றபின் எலும்பின் செறிவு விரைந்து குறையும். அதனைத் தடுக்க உடலின் பாரத்தைத் தாங்கும் பயிற்சிகள் உதவும். எவருக்குப் பயிற்சி மிகத் தேவையோ அவருக்கே அது மறுக்கப்படுகின்றது.

அண்மைக்காலத்திலே வணிகமும் இத்துறையிற் புகுந்துள்ளது. நகரங்களில் உடற்பயிற்சி நிலையங்களும் புரதத் தூள்களும் பெருகியுள்ளன. பணமுள்ளோர் இளமையை மாதச் சந்தாவிற்கு வாங்குகின்றனர். இல்லாதோர் மனவுறுதி அற்றோர் எனப் பழிக்கப்படுகின்றனர். உடல்நலம் தனிமனிதனின் ஒழுக்கம் சார்ந்தது மாத்திரம் என்பது வசதியுள்ளோர் படைத்த கொள்கையாகும். நேரம், உணவு, மைதானம் ஆகிய மூன்றும் இல்லாதவிடத்து மனவுறுதி என்ன செய்யும்?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் 12.4 சதவீதத்தினர் அறுபது வயதை எய்தியோர். இவ்வீதம் உயர்ந்து செல்வது. இம்மக்கள் தம் காலால் நடந்து வாழப்போகின்றனரா, பிறர் தோளிலே சாய்ந்து வாழப்போகின்றனரா என்பது இன்றைய இருபது வயதினரையும் பாதிக்கும் வினா. பாடசாலை மைதானங்கள் மாலையில் ஊராருக்குத் திறக்கப்பட வேண்டும். மண்டபங்களுக்கும் பரிசளிப்பு விழாக்களுக்கும் நிதி திரட்டும் பழைய மாணவர் சங்கங்கள், தம் உறுப்பினரின் உடல்களையும் நினைவிற் கொள்ள வேண்டும். பல்கலைக்கழகங்களும் அணிகளில் இடம்பெறும் சிலருக்காகவன்றி, மைதானத்திற் காலே பதிக்காது பட்டம் பெற்றுச் செல்லும் பலருக்காகவும் விளையாட்டை ஒழுங்கமைத்தல் வேண்டும்.

பழைய மாணவர் ஓட்டத்திலே பாதி வழியில் நின்றவரை நிறுத்தியது நாற்பது வயதன்று. ஓடாது கழிந்த இருபது ஆண்டுகளே. அவரைப் பார்த்துச் சிரிக்கும் இளைஞருக்கும் அந்த இருபது ஆண்டுகள் காத்திருக்கின்றன.