முயலம்மா பால் கொடுக்கிறாளா?

"குட்டி போட்டு இரண்டு நாளாச்சு மாமி, தாய் முயல் கூட்டுப் பக்கமே போக மாட்டேங்கிறது. ஒரு தடவைகூடப் பால் கொடுத்து நான் பார்க்கலை. குழந்தைகள் வேற அழறதுகள். இங்க் ஃபில்லரில் கொஞ்சம் பசும்பால் விடட்டுமா?"

வீட்டில் முயல் வளர்க்கும் சகோதரிகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். என் பதில்: ஃபில்லரைக் கீழே வையுங்கள். முதலில் குட்டியின் வயிற்றைப் பாருங்கள்.

நாம் இரண்டு மணிக்கொரு தரம் பிள்ளைக்குப் பால் கொடுத்துப் பழகியவர்கள். அதே கணக்கை முயலிடம் எதிர்பார்க்கிறோம். முயலோ நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் கொடுக்கும். அதுவும் மூன்று முதல் ஐந்து நிமிஷம். பெரும்பாலும் வீடு அடங்கிய பிறகோ, விடியற்காலையிலோ! காட்டில் தாய் கூட்டருகே சுற்றிக்கொண்டிருந்தால் நரிக்கும் பாம்புக்கும் வழி காட்டினது போல ஆகிவிடும். அதனால்தான் விலகி நிற்கிறது. கல் நெஞ்சு என்று திட்டாதீர்கள். அதன் பாலும் பசும்பாலைவிட இரண்டு மூன்று மடங்கு கெட்டி. ஒரு வேளை குடித்தால் ஒரு நாள் தாங்கும்.

ஆகவே தாயைக் காவல் காப்பதில் பயனில்லை. தினமும் காலையில் ஒரு தரம் குட்டிகளைப் பாருங்கள். தாய்க்குக் கொஞ்சம் கீரை காட்டி வெளியே அழைத்து விடுங்கள். வாசனை சோப்பு போடாமல் கையைக் கழுவி, கூட்டிலுள்ள வைக்கோலில் தேய்த்துக்கொள்ளுங்கள். "மனுஷக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும்" என்பார்கள். நம்மிடம் பழகிய முயல் அப்படி ஒதுக்குவதில்லை.

பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டையாக, தோல் விறைப்பாக இருக்கும். முதல் சில நாட்கள் மெல்லிய தோல் வழியே வயிற்றில் பால் வெள்ளையாகவே தெரியும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கதகதப்பாகத் தூங்கும். குடிக்காத குட்டிக்கு வயிறு ஒட்டி, தோல் கிழவியின் கைபோலச் சுருங்கியிருக்கும். உடம்பு சில்லென்றிருக்கும், கூட்டத்தை விட்டுத் தனியே கிடக்கும்.

சந்தேகமாக இருந்தால் சமையலறைத் தராசு எதற்கு இருக்கிறது? பிறந்த குட்டி, ஜாதியைப் பொறுத்து, சுமார் 40 முதல் 60 கிராம் இருக்கும். தினமும் எடை ஏற வேண்டும். ஒரு வாரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். காலண்டரில் குறித்து வாருங்கள்.

தலைப்பிரசவமானால் பால் சுரக்க ஒரு நாள் ஆகலாம். குட்டிகள் சூடாக இருந்தால் அதுவரை தாங்கும். ஆனால் 24 மணி நேரம் கழிந்தும் எல்லா வயிறும் ஒட்டியே இருந்தால் சும்மா இருக்கக் கூடாது.

முதலில் சூடு. சில்லிட்ட குட்டிக்குப் பால் ஜீரணமாகாது. உள்ளங்கையில் வைத்தோ, துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில் அருகில் வைத்தோ கதகதப்பாக்குங்கள்.

பிறகு தாயை மெல்லத் தூக்கிக் கூட்டுக்குள் குட்டிகள்மேல் நிற்க வைத்து, முதுகைத் தடவிக் கொடுத்தபடி ஐந்து, பத்து நிமிஷம் பிடித்துக்கொள்ளுங்கள். குட்டிகள் தாமே காம்பைத் தேடிப் பிடித்துவிடும். காலை, மாலை இப்படிச் செய்தால் பல தாய்கள் சில நாளில் தானாகவே கொடுக்க ஆரம்பித்துவிடும். அப்போதே மடியையும் தொட்டுப் பாருங்கள். கல்லாக இறுகி, சிவந்து, சுட்டால் அது மடிவீக்கம். தாய் தீனியும் எடுக்காது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

அதே சமயத்தில் குட்டி போட்ட வேறு முயல் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அதன் குட்டிகளோடு இவற்றையும் சேர்த்துவிடலாம். ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வயது வித்தியாசம் வேண்டாம்.

எதுவுமே நடக்காதபோதுதான் கையால் பால் ஊட்டுவது. அதற்குப் பசும்பால் போதாது. பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடர் எவ்வளவு, எப்படி என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் குழந்தையைப் போல மல்லாக்காகப் படுக்க வைத்து ஊட்டிவிடாதீர்கள்! பால் நுரையீரலுக்குள் போய்க் குட்டி செத்துப்போகும். வயிறு கீழே இருக்கும்படி பிடித்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிறகு வெந்நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கம் துடைத்துவிட்டால்தான் சிறுநீர் போகும். தாய் நக்கிச் செய்கிற வேலை அது. இவ்வளவு செய்தும் எல்லாக் குட்டியும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தைகளிடம் அதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

ஒரு குட்டி மட்டும் மெலிந்திருந்தால், மற்றவை அதைத் தள்ளிவிடுகின்றன என்று அர்த்தம். அதைத் தனியாகத் தாயிடம் முதல் பந்தியில் உட்கார்த்துங்கள். சில சமயம் காம்பைப் பிடித்தபடியே ஒரு குட்டி கூட்டுக்கு வெளியே இழுபட்டு வந்துவிடும். பூனையைப் போல வாயில் கவ்வித் தூக்கிவர முயலுக்குத் தெரியாது. நீங்கள்தான் சூடாக்கித் திரும்ப வைக்க வேண்டும்.

தாய்க்குத் தண்ணீர்க் கிண்ணம் ஒருபோதும் காலியாகக் கூடாது. ஆண் முயலை வேறு கூண்டில் விடுங்கள். குட்டி போட்ட அன்றைக்கே பெண் முயல் மறுபடி சினையாகிவிடும். எறும்பு வராமல் கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வையுங்கள். ரோமமில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும் சிசுக்களுக்கு எறும்பு எமன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். மூன்றாம் வாரம் குட்டிகள் தாமே வெளியே வந்து, தாயின் தீனியைக் கொறிக்க ஆரம்பிக்கும். அதுவரை இந்தக் காலைப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.