அவையை நோக்கி எழுந்த வினா

எமது மாணவர் கைகளில் இக்காலத்தில் தடித்த கதைநூல்கள் காணப்படுகின்றன. பறக்கும் நாகங்களும் மந்திர வாள்களும் மலிந்த பிறநாட்டுப் பெருங்கதைகள் அவை. அழுகிப்போன அரசொன்றில் அகப்பட்ட பெண்கள் அதனை எதிர்த்து எழுவதே அவற்றுட் பலவற்றின் பொருள். அவற்றைப் படிப்பதனை நாம் குறைகூறோம். எதையும் படியாதிருப்பதினும் எதையேனும் படித்தல் நன்று. ஆயின், இத்தகைய கதை தமிழில் உண்டோ என மாணவர் வினவுங்கால், பாண்டிருப்புக்கும் காரைதீவுக்கும் நடுவே வாழ்ந்துகொண்டா இதனைக் கேட்கின்றீர் என்று மறுவினா விடுக்கவே எமக்குத் தோன்றுகின்றது.

கல்முனைக்கு வடபால் அணித்தே உள்ள பாண்டிருப்பில், புரட்டாதி மாதத்தில் 18 நாட்கள் திரௌபதை அம்மனுக்கு விழா நிகழ்கின்றது. பாரதக் கதையே அவ்விழாவின் நடை. தீமிதிப்பு அதன் முடிவு. தென்பால் காரைதீவிலோ, தம்பிலுவில், பட்டிமேடு முதலிய பிற ஊர்களிற்போலவே, வைகாசியில் கண்ணகி வழக்குரை படித்துக் குளிர்த்தி செய்கின்றனர். இரு தெய்வங்களும் மானிடப் பெண்களாய் அரசவையிற் புகுந்து நீதி கேட்டவர்கள். எமது நகரம் அவ்விருவருக்கும் இடையே கிடக்கின்றது.

வியத்தகு நிகழ்ச்சிகளை விரும்புவோர்க்கும் இங்குக் குறைவில்லை. இளங்கோவடிகளின் கண்ணகி வணிகர் குலத்து மங்கை. எமது வழக்குரைக் கண்ணகியோ பாண்டியனை அழிக்கவென்றே அவன் சோலையில் மாங்கனியாய்த் தோன்றி, பேழையுள் அடைபட்டுக் கடலில் மிதந்து, புகார் வணிகர் கையை எய்தியவள். அவள் சிலம்பினுள் இடற்குரிய நாகமணியை நாடி மீகாமன் கலஞ்செலுத்தியதும் வெடியரசனொடு பொருததும் கடலோட்டு காதையில் விரிகின்றன. ஏட்டிலும் நாவிலும் வாழ்ந்த இந்நூலை வி. சீ. கந்தையா அவர்கள் 1968இல் பதிப்பித்து எமக்கு அளித்தார்கள். அதனைக் கையால் தொட்ட மாணவர் எத்தனை பேர் என்று கேட்க எமக்கு அச்சமாக இருக்கின்றது.

இனி இரு அவைகளையும் ஒப்புநோக்குவோம். அத்தினாபுரத்து அவையில் வீட்டுமர் இருந்தார்; துரோணர் இருந்தார்; நூல் கற்றோர் பலர் இருந்தனர். தன்னைத் தோற்றுவிட்ட ஒருவன் பின்னர் மனைவியைப் பணயம் வைக்க உரியவனோ என்பது திரௌபதையின் வினா. வயதிற் சிறிய விகர்ணனும் நீதியறிந்த விதுரனும் வாய்திறந்தனர். வீட்டுமரோ அறம் நுட்பமானது என்று கூறி விலகினார். மதுரையிலே ஆராயாது கொலைக்கு ஆணையிட்ட மன்னன், சிலம்பு உடைந்து மணி தெறித்தமை கண்டதும், தானே கள்வன் என ஒப்பி உயிர்விட்டான். இவ்விரண்டினுள் கேடுமிக்க அவை அத்தினாபுரத்ததே என்பது எமது துணிபு. பிழை செய்யாத அரசு உலகில் இல்லை. வினாவைச் செவிமடுத்து நாணும் அரசுக்கு மீட்சி உண்டு. நாணாத அவை கற்றோரால் நிறைந்திருந்தும் பயனென்னை?

பொற்கொல்லனைப் பழித்து அமைவோரை நாம் உடன்படோம். பிற்றைநாளில் ஆயிரம் பொற்கொல்லர் பலியிடப்பட்டதாக இளங்கோ கூறுஞ் செய்தியை வகுப்பிற் படிப்பிக்கும்போதெல்லாம் எமக்கு நா எழுவதில்லை. ஒருவன் பொய்க்கு ஒரு தொழிலாளர் குலமே இரையாவதா? கேடு விளைந்த இடம் பொய் சொன்ன வாயன்று, ஆராயாது நம்பிய செவியே.

உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய 1892ஆம் ஆண்டிலேயே விபுலாநந்த அடிகளார் காரைதீவிற் பிறந்தார். அரங்கேற்று காதையின் இசைநுட்பங்களை ஆராய்ந்த அவர்தம் உழைப்பு 1947இல் யாழ்நூலாக மலர்ந்தது. அந்நூலின் இசையை நாம் போற்றினோம். காப்பியத்தின் வழக்கை யார் ஆராய்ந்தார்? பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை 1912இல் வெளியிட்டு, அவ்வவையைத் தம் நாட்டின் அவலமாகக் கண்டார். அண்மையில், 2005இல், ஜெயமோகன் கொற்றவை என்னும் பெருநாவலில் கண்ணகி கதையை ஐம்பூதங்களின் பெயரால் ஐந்து பகுதிகளாக வகுத்து, வடசொல் விலக்கிய நடையில், தொன்மைத் தாய்த்தெய்வம் வரை பின்சென்று கூறியுள்ளார். நடை கடினமானதே. எனினும் உயர்தர வகுப்பினர் பிறநாட்டுக் கதைக்குச் செலவிடும் பொறுமையிற் பாதியை இதற்கு ஈவாராயின் ஏமாற்றமடையார்.

நூல்கள் இருக்க. எமது கரையின் நிலை யாது? இங்குத் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் குடிவழி தாய்வழியாகவே வருகின்றது. வீடும் மகளுக்கே சீதனமாகின்றது. ஆயினும், அக்குடியின் பெயரால் கோயிலில் வண்ணக்கராகவும் பள்ளியில் மரைக்காராகவும் அமர்பவர் ஆடவர். பெண்வழியாய் வந்த இருக்கையிற் பெண்ணுக்கு இடமில்லை. வழக்குரை படிப்போரும் பெரும்பாலும் ஆடவரே.

கணவனை இழந்தவளை நாம் தெய்வமென வணங்குகின்றோம். திருமண வீட்டிலோ கணவனை இழந்தவளைப் பின்வரிசைக்கு அனுப்புகின்றோம். போர்க்காலத்திலும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையிலும் இக்கரையில் அத்தகையோர் தொகை பெருகிற்று. அவர்களுட் பலர் ஒற்றைக் கையால் பிள்ளைகளை வளர்த்து இக்கல்லூரிக்கு அனுப்பியவர்கள். வடக்கிலும் கிழக்கிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாயரும் மனைவியரும் 2017 முதல் தெருவோரங்களில் அமர்ந்து வினவி வந்துள்ளனர். கண்ணகி கையில் ஒற்றைச் சிலம்பு. இவர்கள் கையில் ஒரு நிழற்படம். ஆணைக்குழுக்கள் பல அமர்ந்து கலைந்தன. காணாமற்போனோர் அலுவலகத்துக்கென 2016இல் சட்டமும் இயற்றப்பட்டது. வினா மட்டும் அவையிலேயே நிற்கின்றது.

தீயைக் காண ஊர் திரள்கின்றது. குளிர்த்தி நீர்பெற முண்டியடிக்கின்றது. சினந்தவளைக் குளிர்விப்பதில் நாம் காட்டும் விரைவு, அவள் சினந்த காரணத்தைக் கேட்பதில் இல்லை. வழக்குரைத்த காதை முன்னரும் குளிர்ச்சிக் காதை பின்னருமாக நூலை அமைத்த முன்னோர் முறையறிந்தவர்கள்.

எனவே யாம் விழைவது இது: வருகின்ற வைகாசியில், குளிர்த்திக்கு முந்திய நாளொன்றில், எமது கல்லூரி மண்டபத்தில் மாணவியரும் மாணவரும் வழக்குரைத்த காதையைப் பொருள்விளக்கத்துடன் படித்தல் வேண்டும். முன்வரிசை இருக்கைகள் மேற்கூறிய தாயர்க்கும் கைம்பெண்களுக்கும் உரியனவாகுக; அயலிலுள்ள முஸ்லிம் பாடசாலைகளின் தமிழாசிரியர்களையும் அழைப்போம். ஓசை பிறழாது ஏடு படிக்க வல்லோர் பழைய மாணவருள் இன்னும் சிலர் உளர். வண்ணக்கரிடம் நாள் கேட்டு வருவதே எஞ்சியுள்ளது.