கணக்கெழுதியவரும் கணக்குப் பார்த்தவரும்

ஜெஃப் கூன்ஸ் என்றாலே நம்மாட்கள் விலையைத்தான் முதலில் சொல்வார்கள். வால் ஸ்ட்ரீட்டில் கமாடிட்டி புரோக்கராக இருந்து பாப் கலைஞர் ஆனவர். இவருடைய எஃகு முயல் 2019 ஏலத்தில் 9.1 கோடி டாலருக்குப் போனது. அடேயப்பா!

சரி, இவர் படைப்புகளைச் செய்து முடிப்பது யார்? பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் உதவியாளர்களும் பட்டறைக்காரர்களும். பெயர் மட்டும் கூன்ஸ். தெள்ளார், ஆரணிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதா என்ன? பட்டுப்புடவையில் கடைப் பெயர் இருக்கும். தறியில் உட்கார்ந்தவர் பெயர் இருக்காது. முதலாளி வேலையைக் கலைக்குள் கொண்டுவந்ததற்குப் பெயர் புரட்சியாம்!

நம் நாட்டிலும் ஒரு கணக்குக்காரர் இருந்தார். பூபேன் கக்கர், 1934-ல் பம்பாயில் பிறந்த சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். 1962-ல் பரோடா போய் ஓவியர் ஆனார். இந்தியாவின் முதல் பாப் ஓவியர் என்று இவரைச் சொல்வதுண்டு. ஆனாலும் பல வருடம் பகுதி நேரமாகக் கணக்கெழுதித்தான் சாப்பிட்டார். அதனால் வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து வரைய வேண்டியிருக்கவில்லை. முடிதிருத்துபவர், தையல்காரர், வாட்ச் ரிப்பேர்க்காரர்... 1970-களில் இவர் வரைந்தது இவர்களைத்தான்.

"அவர் படமும்தான் 25 லட்சம் பவுண்டுக்குப் போச்சே?" என்பீர்கள். போனது, அதே 2019-ல். அவர் இறந்தது 2003-ல்!

காமர்ஸ் படிக்கும் நண்பர்களே, கணக்கெழுதிக்கொண்டே தாராளமாக வரையலாம். வரையும்போது கணக்குப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.