போஜொலேக்காக ஒரு வக்காலத்து

மதுவைப் பற்றி எழுதப் புகுந்த என்னைக் கண்டு இதழாசிரியர் திடுக்கிட வேண்டாம். குடிக்க வாருங்கள் என்று நான் எவரையும் அழைக்கவில்லை. ஒரு வட்டார மக்களின் உழைப்பு ஊரார் பேச்சில் மலிவாக மதிக்கப்படுகிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

பிரான்சு நாட்டில் மாக்கோன் நகருக்கும் லியோன் நகருக்கும் இடையே, ஸோன் ஆற்றுக்கு மேற்கே குன்றுகள் நிறைந்த பகுதி ஒன்று உண்டு. அதுவே போஜொலே. அங்கு விளையும் கறுப்புத் திராட்சைக்குக் காமே என்று பெயர். மெல்லிய சிவப்பு நிறமும், செர்ரிப் பழத்தை நினைவூட்டும் மணமும், குறைந்த துவர்ப்பும் கொண்ட மது அதிலிருந்து பிறக்கிறது. 'மெல்லியது' என்ற அந்த ஒரு சொல்லே அதற்குப் பகையாயிற்று. கனமாக இருந்தால்தான் உயர்வு, நிலவறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால்தான் சிறப்பு என்று எண்ணுவோர் இதைக் கண்டதும் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

இந்த ஏளனம் இன்று நேற்றையதன்று. பர்கண்டிக் கோமகன் பிலிப், 1395-ஆம் ஆண்டிலேயே காமேக் கொடிகளை வெட்டி எறியுமாறு கட்டளையிட்டான். மிகுதியாகக் காய்க்கும் இக்கொடி, தன் நாட்டுப் பினோ நுவார் மதுவின் பெயரைக் கெடுத்துவிடும் என்பது அவன் அச்சம். ஏராளமாகக் காய்ப்பது ஏழை உழவனுக்குக் குற்றமாகத் தோன்றியிருக்குமா? ஆயினும் அக்கொடிக்கு வேறோர் இடம் வாய்த்தது. போஜொலேயின் வடபகுதியிலுள்ள கருங்கல் மண் காமேக்குத் தாய்வீடாயிற்று.

அங்கு மது செய்யும் முறையும் தனி. பழங்களை முதலில் நசுக்குவதில்லை. குலை குலையாகவே தொட்டியில் இடுகிறார்கள். அடியிலுள்ள பழங்கள் மேற்பாரத்தால் நசுங்கிப் புளிக்கத் தொடங்கும். அப்போது எழும் கரியமில வாயு தொட்டியை நிரப்ப, மேலே முழுதாக உள்ள பழங்களுக்குள்ளேயே நொதித்தல் தொடங்கிவிடும். தோலின் துவர்ப்பு அதிகம் இறங்காமல் பழமணம் ஓங்குவதன் இரகசியம் இதுவே. குலை சிதையாமல் வரவேண்டுமாதலால் கையாற் பறிப்பதே அங்கு மரபு. அறுவடைக் காலத்தில் சரிவுகளில் குனிந்து குனிந்து பறிப்பவர்களின் முதுகை யார் நினைக்கிறார்கள்?

இனி என் முக்கியக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அறுவடையான சில வாரங்களிலேயே விற்பனைக்கு வரும் 'புதிய போஜொலே'க்கு 1951-இல் வழி திறந்தது. 1985 முதல் நவம்பர் மாதத்து மூன்றாம் வியாழனே அதன் வெளியீட்டு நாள். விளம்பரமும் ஆரவாரமும் பெருகின. உழவர்க்கு விரைவில் பணமும் கிடைத்தது. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் உலகம் போஜொலே என்றாலே அந்த அவசர மதுவை மட்டும் நினைக்கத் தொடங்கிற்று. ஆரவாரம் தளர்ந்தபோது அடி விழுந்தது; 2001-ஆம் ஆண்டின் மதுவில் ஒரு பகுதி விலைபோகாமல் வடிசாலைக்குச் சென்றது. மோர்கோன், ஃப்ளெரி, காற்றாலை என்று பொருள்படும் மூலான்-ஆ-வான் முதலிய பத்துத் தனித்தனி வட்டாரங்கள் அங்கே உள்ளன. அவற்றுள் மோர்கோனும் மூலான்-ஆ-வானும் பத்தாண்டு கூடத் தாங்கும்! ஆரவாரத்தை மட்டும் கண்டவர்க்கு இது எங்கே தெரியப்போகிறது?

உணவோடு சேரும்போதுதான் இதன் அருமை விளங்கும். லியோன் நகரில் மூன்று ஆறுகள் ஓடுகின்றனவாம்: ரோன், ஸோன், போஜொலே! வேடிக்கையாகச் சொல்வார்கள். அங்குள்ள எளிய உணவகங்களில் அடி தடித்த 46 சென்டிலிட்டர்ப் புட்டியில் இது மேசைக்கு வரும். பன்றியிறைச்சிக் கொத்து, உலர்ந்த சாசேஜ், சுட்ட கோழி, காளான், வெண்ணெய் மணக்கும் உருளைக்கிழங்கு—எதனோடும் சண்டையிடாது. சிவப்பு மது மீனுக்கு ஆகாது என்னும் பொது விதியையும் இது பொருட்படுத்துவதில்லை; துவர்ப்புக் குறைவாதலால் சால்மன் போன்ற கொழுத்த மீனோடும் இசைந்துபோகும். மாறாக, துவர்ப்பு முற்றிய பெருவிலை மதுவொன்றை எளிய கோழி உணவின் அருகில் வைத்துப் பாருங்கள்; கோழியின் சுவை மறைந்து மதுவின் பெருமை மட்டுமே நாவில் நிற்கும். உணவுக்குத் துணையாக வந்த ஒன்று உணவையே விழுங்கலாமோ?

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மற்றச் சிவப்பு மதுக்களைப் போலன்றி, இதனைச் சற்றுக் குளிரவைத்து, 12 முதல் 14 டிகிரி அளவில் பரிமாற வேண்டும்.