"நல்லாத்தானே இருக்கான்" என்று விட்டுவிடாதீர்கள்!

கர்ப்ப காலத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை, பிரசவம் நல்லபடியாக முடிந்ததும் நம்மில் பலர் பரண்மேல் போட்டுவிடுகிறோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதை என் தங்கை மகன் விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் சின்னச் சின்னக் கட்டிகள் இருப்பதாகச் சொன்னார்கள். எட்டாம் மாதம் பார்த்தபோது அவ்வளவாகத் தெரியவில்லை. பிறந்ததும் நன்றாக அழுதான், பால் குடித்தான். எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் டாக்டர், "மூணு மாசம் கழிச்சு சி.டி. ஸ்கேன் கட்டாயம் எடுக்கணும்" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

"பச்சப் புள்ளைக்கு எதுக்குடி அதெல்லாம்? கொழுகொழுன்னு நல்லாத்தானே இருக்கான்" என்று தடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் இருந்துவிட்டாள்.

ஒன்றரை வயதுக்குள் இரண்டு தடவை நிமோனியா! அதன்பிறகுதான் சி.டி. எடுத்தோம். பிறவியிலேயே சரியாக உருவாகாத அந்தப் பகுதியில் கிருமி தங்கிவிட்டதாம். எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகுமாம். ஆபரேஷன் செய்து அந்தப் பகுதியை எடுத்தார்கள். "கிருமி தாக்கறதுக்கு முந்தியே வந்திருந்தா சுலபமா இருந்திருக்கும்" என்று டாக்டர் சொன்னபோது, தங்கையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் பயந்ததெல்லாம் கதிர்வீச்சுக்குத்தான். குழந்தையின் எடைக்குத் தகுந்தபடி அதைக் குறைத்துத்தான் எடுப்பார்களாம். கைக்குழந்தையாக இருந்தால் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்க வைத்தே பெரும்பாலும் எடுத்துவிடலாமாம். இதையெல்லாம் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

கடவுள் புண்ணியத்தில் இன்று அவன் பள்ளிக்கூடம் போகிறான், ஓடியாடி விளையாடுகிறான். சின்ன வயதில் மீதி நுரையீரலே வளர்ந்து ஈடுகட்டிவிடுமாம்.

எல்லாக் குழந்தைக்கும் சி.டி. எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வயிற்றில் இருக்கும்போதே குறை தெரிந்திருந்தால், அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்து குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிஷத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இரண்டு பிள்ளை பெற்றுவிட்டால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு நமக்கு. பிள்ளை பெற்ற வீட்டில் அக்காக்களும் அத்தைகளும் கொஞ்சம் யோசித்துப் பேசுவோமே!

- ஒரு வாசகி, கும்பகோணம்.