முள்ளுப் பற்றையை வெட்டுவதுதான் சுத்தமா?

பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பொறுமையாக வாசியுங்கள்.

கழற்சிக்காய்ப் பொடி விளம்பரம் இப்போது எல்லோருடைய வட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. பொடியைத் தெரிந்த எங்களில் எத்தனை பேருக்குச் செடியைத் தெரியும்? அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்ளுக்கொடி. மஞ்சள் பூ, முள் நிறைந்த காய், உள்ளே சாம்பல் நிறத்தில் மாபிள் போன்ற கொட்டை. சிங்களத்தில் கும்புறு வெல் என்பார்கள்.

இதற்கு ஒரு சொந்தக்காரக் கொடி உண்டு. சிங்களத்தில் தியவவுலெட்டிய. ‘திய’ என்றால் தண்ணீர். பெயரிலேயே அதன் இடம் இருக்கிறது. ஆற்றோரம், களப்போரம், சதுப்புக் காட்டு விளிம்பு என்று ஈரம் உள்ள இடத்தில் வளைந்த முட்களால் மரங்களைப் பற்றி ஏறும். இதன் காயில் முள் இல்லை. தட்டையானது, பெரும்பாலும் ஒரே ஒரு விதைதான். சிங்களப் பிள்ளைக்குப் பெயரே பாடம் சொல்லிக் கொடுக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கோ எல்லாமே ‘முள்ளுப் பற்றை’. பெயர் தெரியாத ஒன்றை வெட்டும்போது மனது வலிக்காது. எங்கள் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

டெங்கு வாரம் வந்தால் கால்வாய்க் கரைகளிலும் ஈரநில ஓரங்களிலும் சிரமதானம் நடக்கிறது. கத்தியில் முதலில் மாட்டுவது முள்ளுக்கொடிகள். ஆனால் டெங்கு நுளம்பு சதுப்பு நிலத்தில் பெருகுவதில்லை. பழைய டயர், யோகட் கப், சிரட்டை, பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில்தான் அது முட்டையிடும். கரையை மொட்டையடித்துவிட்டுக் கூரைப் பீலியைப் பார்க்காமல் விட்டால் யாருக்கு என்ன பயன்? அந்தப் பற்றைக்குள்தான் பறவை கூடு கட்டும். உலகம் வியந்து பார்க்கும் கொழும்பு நகரத்து மீன்பிடிப் பூனை பகலில் ஒளிந்திருப்பதும் இப்படியான அடர்ந்த இடங்களில்தான். மழைக்குக் கரை மண் சரியாமல் பிடித்து வைப்பதும் செடி கொடிகளின் வேர்தான்.

முள் எல்லாம் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. யோத நிதிகும்பா என்ற பெரிய தொட்டாற்சுருங்கியும் அவரைக் குடும்பத்து முட்செடிதான். அமெரிக்க வெப்ப வலயத்திலிருந்து வந்து, 1990களில் கண்டிப் பக்கம் மகாவலிக் கரைகளில் கண்டுபிடிக்கப்பட்ட ஆக்கிரமிப்புத் தாவரம். அதைப் பிடுங்கத்தான் வேண்டும். கொழும்பு ஈரநிலங்களை மூடிக்கொண்டிருக்கும் வெல் ஆத்தாவுக்கு முள்ளே கிடையாது. அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். ஆக, முள் இருக்கிறதா என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. அது இந்த மண்ணுக்கு உரியதா, வந்து ஆக்கிரமித்ததா என்று பார்க்க வேண்டும். வெட்டும் முன் அதைப் பிரித்தறியப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் சுற்றாடல் கல்வி.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடி வீட்டில் இருக்கும் எங்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கொலன்னாவை, பாராளுமன்றச் சுற்றுவட்டாரச் சதுப்புகள் பிடித்து வைக்கும் மழைநீர்தான் மெதுமெதுவாக வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் வழியாகக் கடலுக்குப் போகிறது. வடக்கே முகத்துவாரம் இன்னொரு வாசல். சதுப்பு சுருங்கினால் தண்ணீர் ஒரேயடியாக வரும். 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. 2016 மே மாதம் கொலன்னாவை மூழ்கியது. இரண்டையும் மறக்க முடியுமா?

சதுப்பை வெறும் நிலமாகப் பார்த்தால் இன்னொன்றும் நடக்கும். குப்பை வரும். புளூமெண்டல் குப்பை மலையைக் கொட்டாஞ்சேனைக்காரருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அது 2009இல் மூடப்பட்டதும் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அந்த மலை சரிந்து 32 உயிர்கள் போயின. ‘சும்மா கிடக்கிற காடு’ என்ற பேச்சின் விலையைக் கடைசியில் கொடுப்பவர்கள் ஏழைகள்தான்.

2018 ஒக்டோபரில் டுபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை பலகையில் மட்டும் இருந்தால் போதாது. இயற்கை எங்களிடம் தரப்பட்ட அமானிதம்.

எங்கள் கோரிக்கைகள் மூன்றுதான். சிரமதானம் வைக்கும் பாடசாலைகளும் பள்ளிவாசல், கோவில், தேவாலயச் சபைகளும் முதலில் கூரைப் பீலிகளையும் டயர்களையும் பாருங்கள். கரையில் கத்தி வைக்கும் முன் தாவரம் தெரிந்த ஒருவரை அழைத்துப் பெயர் கேளுங்கள். பெற்றோரே, அடுத்த விடுமுறையில் பிள்ளையைப் பெத்தகான அல்லது தியசரு ஈரநிலப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே மும்மொழியிலும் பத்துச் செடிகளின் பெயரைப் பிள்ளை கொப்பியில் எழுதி வரட்டும்.

உங்கள் ஊரில் இந்தக் கொடிகளுக்கு என்ன பெயர்? உம்மும்மா, பாட்டிமாரிடம் கேட்டு கீழே எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.