சக்கரத்தின் எச்சரிக்கை

எச்சரிக்கும் கருவியையே குற்றங்கூறுதல் மாந்தர்க்கு எளிது. இக்காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றில் டயரின் காற்றழுத்தத்தைக் கண்டுரைக்கும் அமைப்பு உண்டு. கடலூரினின்று ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையிலும் அத்தகைய வண்டிகள் ஓடுகின்றன. ஆயின் மஞ்சள் விளக்கு எரிந்தவுடன், "சென்ஸார் போய்விட்டது" எனத் தீர்ப்புக் கூறுவார் பலர். காற்றை அளந்து பார்ப்பார் சிலரே. இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

முதற்கண் வண்டியின் வகையை அறிதல் வேண்டும். ஒருவகையில் ஒவ்வொரு சக்கரத்துள்ளும் மின்கலத்தால் இயங்கும் சென்ஸார் அமர்ந்து, வானொலி அலையால் செய்தி விடுக்கும். மற்றொரு வகையில் தனிச் சென்ஸார் இல்லை. காற்றுக் குறைந்த சக்கரம் ஆரம் சிறுத்துச் சற்று விரைந்து சுழலுமாதலின், பிரேக் அமைப்பிற்குரிய வேகமானிகளே அக்குறையை ஊகித்துணரும். இவ்வண்டிக்கு டயர் சென்ஸார் வாங்கப் புகுதல், இல்லாத உறுப்பிற்கு மருந்திடுதல் போலும்.

அடுத்து விளக்கின் குறிப்பை உணர்தல் வேண்டும். இடையறாது எரியின் காற்றுக் குறைவு. ஒரு நிமிட அளவு மினுக்கிப் பின் நிலைத்து எரியின் பெரும்பாலும் கருவிப் பழுது. ஓடிய டயரில் வெப்பத்தால் அழுத்தம் மிகும். ஆதலின் புறப்படுமுன் அளத்தலே முறை. வெப்பம் ஏறத்தாழ 5.5 பாகை செல்சியஸ் தணியின் அழுத்தம் ஒரு பவுண்டு குறையும். மார்கழி விடியலில் எரியும் விளக்கு இதனாலும் ஆகலாம்.

காற்றுச் சரியாயிருந்தும் ஒரு சக்கரம் மட்டும் மௌனமாயின் அதன் மின்கலத்தை ஐயுறுக. அதன் ஆயுள் பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகளே. நான்கும் ஒருங்கே மௌனமாயின், செய்தி வாங்கும் கருவியையும் பியூஸையும் முன்னர்ச் சோதித்தல் நன்று. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அலுமினிய வால்வை அரிக்கும். அதனுள் பித்தளை ஊசியை இட்டால் இரண்டும் இறுகிப் பற்றிக்கொள்ளும். நிக்கல் பூசிய ஊசியே அதற்கு ஏற்றது. பஞ்சர் கடையில் டயரைக் கழற்றுமுன் சென்ஸார் உண்டென அறிவித்தலும் கடன். நெம்புகோல் பட்டால் அது உடையும்.

"கருவியின்றியே முன்னோர் ஓட்டினரே" என்பாருளர். உண்மை, ஆயின் அவர்தம் வண்டியில் மாற்றுச் சக்கரம் இருந்தது. 2020 ஆம் ஆண்டில் இந்திய அரசு, டியூப் இல்லாத டயரும், பழுது பார்க்கும் பெட்டியும், இவ்வழுத்தக் கருவியும் உடைய கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமன்று என விதித்தது. ஐந்தாம் சக்கரத்தின் இடத்தில் இன்று நிற்பது இச்சிறு விளக்கே. அதனை மறைத்தோ துண்டித்தோ ஓட்டுதல் துணையின்றிச் செல்வதாகும்.

அதனையே முற்றும் நம்புதலும் தகாது. அமெரிக்க விதிப்படி, குறித்த அளவிற் காற்பங்கு குறைந்தபின்னரே அது எரியவேண்டும். அதற்குள் டயர் தேய்ந்திருக்கும். ஆதலின் திங்கள்தோறும் காற்றை அளக்க. விளக்கு எரியின் காரணம் தேடுக. மெக்கானிக்கும் உறுப்பை மாற்றுமுன் பழுது இன்னதெனக் காட்டுவாராக. காரணம் கேட்டல் வண்டிக்குரியவர் உரிமை; கூறுதல் தொழிலுக்கு அழகு.